ஜெயவீரசிங்கம் தவறமாட்டார்

மலைநாட்டில் காலைக் கடிக்க அட்டை இருக்கிறது, எலும்பைக் கடிக்கப் பனி இருக்கிறது. அட்டைக்குச் சவர்க்காரம் உண்டு, பனிக்குக் கம்பளி உண்டு. இரண்டுக்கும் அடங்காத மூன்றாவது உயிரினம் ஒன்று அட்டன் முதல் நுவரெலியா வரை கிளாக்கர் வீடுகளிலும் மலை மேற்பார்க்கும் கண்டாக்கையா வீடுகளிலும் வாத்தியாரம்மாமார் விடுதிகளிலும் சத்தமில்லாமல் பெருகி வருகிறது. அதற்கு இன்னும் யாரும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. துப்பறியும் கதை எழுதும் அம்மாளைத்தான் சொல்கிறேன்.

பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரியாது. நம் வீட்டுப் பெண்களைப் போலவே சேலை உடுத்தி, பூ வைத்து, கோயிலில் விபூதி வாங்கிப் பூசிக்கொண்டுதான் இருப்பார். ஒரு நாள் நீங்கள் அவர் வீட்டுக்குப் போகிறீர்கள். சர்க்கரைக் கைமாற்றோ, கல்யாணப் பத்திரிகையோ, ஏதோ ஒரு வேலை. வாங்க என்று வாய் சொல்லும். கண் மட்டும் உங்கள் முகத்துக்கு வராது. நேரே உங்கள் செருப்பில் இறங்கி, அங்கே ஒட்டியிருக்கும் சேற்றை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, சேலைக் கரை வழியாக மெதுவாக மேலே ஏறும்.

"காலையில கீழ்ப் பிரிவுப் பக்கம் போயிருந்தீங்களோ?"

"இல்லீங்களே. வீட்டிலருந்து நேரா வர்றேன்."

"ம்."

இந்த 'ம்' இருக்கிறதே, இதை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாதி வழியில் அவர்களுக்கே சந்தேகம் வந்துவிடும். ஒருவேளை கீழ்ப் பிரிவுக்குப் போனோமோ? போய் எதையாவது செய்துவிட்டோமோ?

குளிக்கும்போது காலில் ஓர் அட்டை ஏறிவிட்டால் அம்மாள் போடுகிற கூச்சல் தேயிலைத் தொழிற்சாலைச் சங்கை அமுக்கிவிடும். ஒரு துளி இரத்தத்தைப் பார்த்தால் மயக்கம். ஆனால் பேனாவை எடுத்தாரோ, இரத்தம் படிக்கட்டு வழியாக ஆறாக ஓடும். தோட்டத்து மருந்தையாவிடம் போய், தலைவலி என்று ஆரம்பித்து, "அந்த நீலப் போத்தல்ல இருக்கறத எத்தன சொட்டுக் குடுத்தா ஆள் முடிவாங்க?" என்று முடிப்பார். மருந்தையா அன்றைக்கே அலமாரிக்குப் பூட்டு வாங்கிப் போடுவார். வீட்டுக்காரர் பாடுதான் பெரும்பாடு. மனைவி ஊற்றிக் கொடுக்கும் ரசத்தைக் குடித்துவிட்டு, நல்லாயிருக்கு என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிற புருஷன்மாரை எனக்குத் தெரியும்.

இவர்கள் ஒருவரையொருவர் வாசிப்பார்கள், மதிக்கமாட்டார்கள். நுவரெலியாவில் ஓர் அம்மாள், விஷத்தைத் தவிர வேறெதிலும் ஆளைக் கொல்வதில்லை. கம்பளத்தில் கறை படியக் கூடாது என்பது அவர் கொள்கை. கொத்மலையில் ஒரு வாத்தியாரம்மா; அவருடைய கொலைகாரன் பிடிபட்டதும் பத்திரிகையில் இரண்டு பக்கத்துக்குச் செந்தமிழில் வாக்குமூலம் கொடுத்துவிட்டுத்தான் விலங்குக்குக் கையை நீட்டுவான். ஒருவர் கதையை மற்றவரிடம் சொன்னால் வருகிற பதில் ஒன்றே: "எனக்கு முதல் வாரமே தெரிஞ்சு போச்சே!" இந்த ஒரு வாக்கியத்தை எதிராளி வாயால் கேட்காமலிருக்க இவர்கள் எதையும் செய்வார்கள். எதையும் என்றால் எதையும்தான். அதற்குத்தான் இந்தக் கதை.

அட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தி. அவர் மனைவி தையல்நாயகி. பெற்றவர்கள் வைத்த பேரில் கொலை செய்ய முடியுமா? எனவே பத்திரிகையில் 'இருள்மொழி'. இருள்மொழியின் துப்பறிபவர் பெயர் ஜெயவீரசிங்கம். நீளக் கோட்டு, வாயில் புகை விடும் சுங்கான், சொந்த மோட்டார் கார். நம் தோட்டத்து ரோட்டில் துரையின் காரே மாதத்துக்கு ஒரு தரம் சேற்றில் மாட்டி, ஆட்கள் கூடித் தள்ள வேண்டியிருக்கிறது. ஜெயவீரசிங்கத்தின் கார் மட்டும் அடைமழையிலும் மிதந்து வந்து வாசலில் நிற்கும். எத்தனையோ தொடர்கதைகளில் எத்தனையோ கொலைகாரர்களைப் பிடித்தவர். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அம்மாளுக்கு இதில் இருந்த பெருமை, பெற்ற பிள்ளை பள்ளிச் சோதனையில் முதலாவதாக வந்தால்கூட இருந்திருக்காது.

அந்த வருஷம் அம்மாள் எழுதிய தொடர் 'ஏழாம் நம்பர் மலையில் பிணம்'. கொழும்பிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வரும் பத்திரிகைக் கட்டைத் தோட்டத்துச் சந்தியிலிருக்கும் பாவாவின் கடையில் இறக்குவார்கள். பாவா மூக்குக் கண்ணாடியை மாட்டி, சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து, அரிசிக்கும் கருவாட்டுக்கும் வந்த சனத்துக்கு உரக்க வாசிப்பார். அருமையாக வாசிப்பார். 'கதவு மெதுவாகத் திறந்தது' என்ற இடத்தில் நிறுத்தி, "பணிஸ் சூடா இருக்கு, யாருக்கு வேணும்?" என்பார். யாராவது வாங்கினால்தான் கதவு முழுதாகத் திறக்கும்.

தொடரில் வந்தவர்கள் எல்லாரும் தோட்டத்து ஆட்கள்தான். பேரை மாற்றியிருந்தார், நடையை மாற்றவில்லை. முதல் வாரமே செத்துக் கிடந்த பெரிய கங்காணி நம்முடைய மாயாண்டிக் கங்காணியேதான்: அதே தலைப்பாகை, அதே வெள்ளிக் கடுக்கன். அம்மாள் வீட்டு வேலியைக் கட்ட ஆள் அனுப்பச் சொல்லியும் அவர் அனுப்பவில்லை, அதற்கு மரணதண்டனை. கங்காணி முதலில் குதித்தார். பிறகு, பக்கத்துத் தோட்டத்து ஆட்கள்கூட அவரைப் பார்க்க வரத் தொடங்கியதும், மீசையைத் தடவிக்கொண்டு "நான்தான்யா அந்தப் பொணம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிணமாக இருப்பதில் கௌரவம் இருக்கிறது. கொலைகாரனாக இருப்பதில் என்ன இருக்கிறது? சந்தேகப் பட்டியலில் விழுந்தவர்களுக்கு உதறல் எடுத்தது. கதையில் கடைக்காரர் ஒருவர் கறை படிந்த கத்தியைக் கழுவிய வாரம், பாவா வட்டிலப்பத்தைத் தூக்குச் சட்டியில் வைத்து மூடிக்கொண்டு பெரிய கிளாக்கர் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, நம்மளும் புள்ளகுட்டிக்காரன். கடையில ஆள் வந்து போகணும். பாத்துச் செய்ங்க."

"கதை தானா எழுதுது பாவா. என் கையில என்ன இருக்கு?" என்றார் அம்மாள், மூடியைத் திறந்து முகர்ந்தபடி.

அடுத்த வாரம், கொலை நடந்த வேளையில் கதைக் கடைக்காரர் தன் மகள் கல்யாணத்தில் ஊரே பார்க்கப் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தது தெரியவந்தது. பிறகு தொழிற்சாலை டீமேக்கர் வீட்டிலிருந்து நல்ல தேயிலைத் தூளாகப் பார்த்து ஒரு பை வந்தது. கதை டீமேக்கர் தப்பித்தார். மருந்தையாவிடமிருந்து பலத்துக்கு ஒரு போத்தல் டானிக். கதை மருந்தையா அன்றைக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயவீரசிங்கம் ஒவ்வொருவரையும் கூர்ந்து நோக்கிவிட்டு, "இவர் குற்றமற்றவர்!" என்று சுங்கானைத் தட்டினார். அம்மாள் இதை லஞ்சம் என்று நினைத்தாரா? சத்தியமாக இல்லை. நல்ல மனிதர்களை நல்லவர்கள் என்று எழுதினார், அவ்வளவுதான். வட்டிலப்பம் கொண்டுவருகிறவர் எப்படிக் கொலை செய்வார்?

இப்படியே கடைசி வாரம் வந்து சேர்ந்தது. முடிவு அன்றைய தபாலில் போயாக வேண்டும். அம்மாள் மேசையில் உட்கார்ந்து பார்க்கிறார்: தோட்டத்தில் ஒருவர் மிச்சமில்லாமல் எல்லாரும் நிரபராதி! துரையைப் போடலாமா? சீச்சீ, நினைப்பே பாவம். புருஷன் உத்தியோகம் என்னாவது? அம்மாளுக்கு வியர்த்துவிட்டது. கொத்மலை வாத்தியாரம்மாவின் சிரிப்பு காதில் கேட்டது.

அப்போது பின்வாசலில் ஒரு செருமல்.

"அம்மா, இன்னைக்கு ஏதும் இருக்குங்களா?"

தோட்டத்துத் தபால்காரர் அழகன். தலையோடு போர்த்திய கம்பளி, அதற்குள் ஆபீஸ் கொடுத்த பழைய காக்கிக் கோட்டு, கோட்டில் பித்தளைப் பொத்தான் ஒன்று குறைவு, தோளில் பூட்டுப் போட்ட தோல் பை. தினமும் மலையிறங்கி அட்டனுக்குப் போய்த் தபாலைக் கொடுத்து, வந்ததை வாங்கி, மலையேறி வருகிறவர். மழைநாளில் பை நனையாமல் தான் நனைந்து வருவார். அந்தப் பை அவருக்கு வேலை மட்டுமில்லை, மானம் மரியாதை எல்லாம் அதுதான். தொழிலாளர் லயத்தில் அவரைக் கண்டால் பெண்கள் ஓடி வருவார்கள்: ஊரிலிருந்து கடுதாசி வந்திருக்கா? பிரஜாவுரிமைக் கடுதாசி வந்திருக்கா? எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும் எந்த முத்திரை போட்ட கவர் எந்த ஆபீஸிலிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும். அவர் மனைவி அம்மாக்கண்ணு, அம்மாள் வீட்டுக் குசினியில்தான் சமையல் வேலை செய்தார்.

அம்மாள் அழகனை நிமிர்ந்து பார்த்தார். செருப்பில்லாத காலைப் பார்த்தார். பொத்தானில்லாத கோட்டைப் பார்த்தார். தினமும் எல்லா வாசலுக்கும் வந்து போகிறான், யாராவது இவனைச் சந்தேகப்படுவார்களா? யாரும் மாட்டார்கள். ஆகவே இவனேதான்!

"அழகா, கொஞ்சம் இரு. அம்மாக்கண்ணு, ஒம் புருஷனுக்குச் சாயத்தண்ணி ஊத்திக் குடு!"

எழுதினார் பாருங்கள், பேனா பறந்தது. கதையின் தபால்காரன் கள்ளச் சாவி போட்டுப் பையைத் திறந்து எல்லார் கடிதத்தையும் திருடி வாசிக்கிறான். கங்காணி கண்டுபிடித்துவிடுகிறார். ஏழாம் நம்பர் மலையில் கவ்வாத்துக் கத்தி பாய்கிறது. அறுந்து விழுந்த பித்தளைப் பொத்தானை ஜெயவீரசிங்கம் தேயிலைச் செடிக்கடியில் கண்டெடுக்கிறார். அதே நேரம் நிஜமான அழகன் கூரைத் தாழ்வாரத்தில் குந்தி, பால் விடாத சாயத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அம்மாளின் கதைக் கட்டு ஆபீஸ் பையில் போகாது. அது சொந்தக் காரியம். அழகன் அதை எண்ணெய்ச் சீலையில் சுற்றி, கம்பளிக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். ஒரு துளி படவில்லை. தன் தலைக்கு வந்ததை இவ்வளவு பத்திரமாக யாரும் சுமந்துகொண்டு போயிருக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பாவாவின் கடையில் கால் வைக்க இடமில்லை. பஸ்ஸிலிருந்து கட்டை இறக்கிக்கொண்டு வந்ததும் அழகன்தான். கூட்டத்தோடு நின்று, கொலைகாரன் யாரென்று அறிய அவரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். காக்கிக் கோட்டு வந்தது, சிரித்தார். தோல் பை வந்தது, அக்கம்பக்கம் பார்த்தார். பொத்தான் வந்தபோது பாவாவின் குரல் இறங்கிவிட்டது. பணிஸ் வேணுமா என்று அவர் கேட்கவில்லை. கூட்டத்தில் எல்லார் கண்களும் அழகனின் கோட்டுக்குப் போயின. அவர் கையை வைத்துப் பொத்தானில்லாத இடத்தை மறைத்துக்கொண்டார்.

கதை என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு கிழமை சிரித்தார்கள். அடுத்த கிழமை லயத்து மீனம்மா தன் கடுதாசியை வாங்கித் திருப்பிப் பார்த்து, "ஏன் இந்த ஓரம் கசங்கியிருக்கு?" என்றாள். பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டு மாதக்கணக்காகக் காத்திருந்த ஒருவர், "அரசாங்கம் பதில் போடாம இருக்குமா? நடுவுல யாரோ..." என்று இழுத்தார். அரசாங்கம் பதில் போடாமல் இருக்கும் என்பது நாட்டில் எல்லாருக்கும் தெரியும்; ஆனால் அரசாங்கத்தைச் சந்தேகப்பட யாரால் முடிகிறது? அழகன் பக்கத்தில் இருந்தார். கடைசியில் மாயாண்டிக் கங்காணி ஆபீஸ் வாசலில் போய் நின்று, சனங்களுக்குத் தபாலில் நம்பிக்கை போய்விட்டது துரை, என் மருமகன் மூக்கன் எழுதப் படிக்கத் தெரிந்தவன், என்று கைகட்டிச் சொன்னார். செத்துப்போனவரே வந்து முறையிடும்போது துரை என்ன செய்வார்? பை மூக்கனுக்குப் போனது. கோட்டும் போனது. அழகனை இரும்பு முள்ளால் மண்ணைக் கிளறும் முள்ளுக்குத்து வேலைக்கு மலைக்கு அனுப்பினார்கள்.

அம்மாக்கண்ணு குசினியில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்.

"ஏங்கம்மா எங்க வூட்டுக்காரரப் போட்டீங்க?"

"கதைதானே அம்மாக்கண்ணு! கதைன்னு எல்லாருக்கும் தெரியுமே!"

"தெரியுங்கம்மா. கடுதாசி வராதவங்களுக்குத்தான் தெரியல. நாங்களும் வட்டிலப்பம் செஞ்சு கொண்டாந்திருக்கணும். எங்களுக்குச் செய்யத் தெரியாதுங்க."

அடுத்த நாளிலிருந்து அவர் கொழுந்து பறிக்கப் போய்விட்டார். அம்மாளுக்குக் கண் கலங்கியது. நிஜமாகவே கலங்கியது. இந்த இனத்துக்கு இரக்கம் இல்லையென்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். அன்று சோற்றை அம்மாளே வடித்துக் கையைச் சுட்டுக்கொண்டார்.

புதுத் தொடர் தொடங்கியது: 'பூட்டிய அறையில் மூன்று செருப்பு'. மூக்கன் எழுத்தறிவுள்ளவர் அல்லவா? வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து, அம்மாளின் கதைக் கட்டைப் பிரித்து, நிதானமாக வாசித்துவிட்டுத்தான் தபாலாபீஸுக்குப் போனார். அழகன் மேல் கட்டிய பொய்யை மூக்கன் உண்மையாகவே செய்தார். ஆனால் அவரை யாரும் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் அவர் எந்தக் கதையிலும் வரவில்லை. பத்திரிகை வருவதற்குள் கதை லயத்துக்கு வந்துவிடும். பாவா கண்ணாடி மாட்டும்போதே கூட்டம், "மூணாவது செருப்பு வக்கீலோடது, தெரியும், அரிசியப் போடுங்க!" என்றது. முன்பெல்லாம் கோயிலுக்குப் போகிற வழியில் பெண்கள் அம்மாளை மறித்து, "யாருங்கம்மா கொன்னது? எங்களுக்கு மட்டும் சொல்லுங்க" என்று கெஞ்சுவார்கள். இப்போது அம்மாளுக்கு அவர்கள் சொன்னார்கள்.

பொறுக்குமா? புருஷனிடம் போனார்.

"அழகனத் திரும்பப் போடுங்க. அவன் ஒருத்தன்தான் நம்பிக்கையான ஆளு."

கணேசமூர்த்தி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக மனைவியைப் பார்த்தார். "போடலாம். ஆனா சனம் அவன நம்பாதே. கெட்டது ஒங் கதையில. கதையிலயே சரி பண்ணு. பாவா வாசிக்கட்டும், நான் துரைகிட்டப் பேசுறேன்."

அம்மாள் லயத்துக்கே நடந்தார். அழகன் மலையிலிருந்து வந்து, முள்ளைச் சுவரில் சாத்திவிட்டு நின்றார். உள்ளங்கை கொப்பளித்திருந்தது.

"அம்மா, நீங்க மனசு வெச்சா போதுங்க. அந்தச் சிங்கம் ஐயா தப்பா ஆளப் புடிச்சிட்டாருன்னு ஒரே ஒரு வரி எழுதுங்க. தபால்காரன் செய்யலன்னு எழுதுங்க. வேற ஒண்ணும் வேணாங்க."

"எழுதுறேன் அழகா. கட்டாயம் எழுதுறேன்."

எழுதத்தான் உட்கார்ந்தார். 'ஜெயவீரசிங்கம் தம் தவறை...' பேனா நின்றது. அடித்தார். 'முன்பு ஒரு வழக்கில் ஜெயவீரசிங்கம் சற்று அவசரப்பட்டு...' அதையும் அடித்தார். ஜெயவீரசிங்கம் தவறினாரா? அப்படியானால் முந்திய கொலைகாரர்களெல்லாம்? வாசகர்கள் என்ன நினைப்பார்கள்? நுவரெலியா அம்மாள் என்ன சொல்வார்? கொத்மலை வாத்தியாரம்மா வாயைத் திறந்து, "எனக்கு அப்பவே தெரியும், அந்தத் தபால்காரன் செய்யலன்னு!" என்பாரே! ஒரு பக்கம் அழகனின் கொப்பளித்த கை. மறு பக்கம் ஜெயவீரசிங்கத்தின் சுங்கான். அம்மாள் அழுதார், மூக்கைச் சிந்தினார், மறுபடி பேனாவை எடுத்தார். கடைசியில் இருவரையும் காப்பாற்றும் ஒரு வழி கிடைத்துவிட்டது. கிடைத்த சந்தோஷத்தில் கட்டைத் தாமே பஸ்ஸில் கொண்டுபோய் அட்டனில் போட்டுவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பாவா வாசித்தார். அழகன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு மனைவியோடு வந்து முன்னால் நின்றார். ஜெயவீரசிங்கம் சிறைச்சாலைக்குப் போகிறார். அங்கே பழைய தபால்காரன் அவர் காலில் விழுந்து கதறுகிறான். அவர் தூக்கி நிறுத்தி, 'நீ திருந்திவிட்டாய். உன்னை மன்னித்துவிட்டேன். இனி நேர்மையாக வாழ்!' என்று அவன் முதுகில் தட்டிக் கொடுக்கிறார்.

கூட்டத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மீனம்மா அழகன் பக்கம் திரும்பி, "அதான் மன்னிச்சிட்டாங்களே அண்ணே, இனியாச்சும் ஒழுங்கா இருங்க" என்று மனதார ஆறுதல் சொன்னாள். அழகன் கடையை விட்டு இறங்கிப் போனார். ஒருமுறை திருடியவன் கையில் எப்படிப் பையைக் கொடுப்பது என்று துரை கேட்டாராம். பை இன்றும் மூக்கனிடம்தான் இருக்கிறது.

தையல்நாயகி அம்மாளைப் போய்ப் பார்த்தால் இப்போதும் சொல்வார்: "அந்த அழகனுக்காக நான் என்னவெல்லாம் செஞ்சேன்! கதையையே மாத்தினேன். நன்றி சொல்ல ஒரு நாள் இந்தப் பக்கம் வந்தானா?"

சிரிக்கிறீர்கள். நல்லது. நீங்கள் கதை எழுதுகிறவர் இல்லை; ஜெயவீரசிங்கம், சுங்கான், இருள்மொழி என்று உங்களிடம் ஒன்றுமில்லை. போன மாதம் உங்கள் வீட்டில் ஒரு வெள்ளிக் கரண்டி காணாமற் போனதே, ஞாபகமிருக்கிறதா? அப்போது வீட்டில் உங்கள் தம்பி இருந்தார், நாத்தனார் இருந்தார், விருந்துக்கு வந்தவர்கள் இருந்தார்கள். உங்கள் கண் முதலில் யார்மேல் போனது? அரிசிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து கரண்டி அகப்பட்டதும் அந்த வேலைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டு, தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொன்னீர்களா? அல்லது "சரி சரி, இனிமே கவனமா இரு" என்றீர்களா?

பதில் வேண்டாம். உங்கள் செருப்பைப் பார்த்தாலே தெரிகிறது.

ம்.